ஓரகத்தி காய்ச்சிய எண்ணெய்

எனக்குச் சந்தேகப் புத்தி. பால்காரர் முதல் மருமகன் வரை யாரையும் நான் முழுதாக நம்பியதில்லை. டெங்கு வந்து தேறிய மூன்றாவது மாதம் சீப்பு நிறைய முடி வந்தபோதும் காய்ச்சலை நினைக்கவில்லை, ஓரகத்தியைத்தான் நினைத்தேன். “தலை சூடா இருக்குதுமா, தேச்சிக்கோ” என்று அவள் காய்ச்சிக் கொடுத்த எண்ணெய் பாதி பாட்டில் தீர்ந்திருந்தது.

எங்கள் வீட்டுத் தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு இழைகளை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் பிணைப்போம். தறியில் பழைய பாவு தீரும்போது அதன் வாலை அப்படியே விட்டுவைத்து, புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் சாம்பல் தொட்டு அதில் முறுக்குகிற வேலை. அவள் ஒரு கரையில், நான் மறு கரையில் தொடங்கி நடுவில் சந்திப்போம். வாய் ஓயாமல் பேசிக்கொண்டே செய்த வேலை அந்த மாதம் ஊமையாக நடந்தது. இழைகள் விட்டுப்போய் என் கணவரிடம் திட்டு வாங்கினோம்.

உதிர்ந்த முடியைத் தாளில் பொட்டலம் கட்டி ஒளித்து வைத்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வெள்ளைப் பொட்டு. வேரோடு வருகிறது, எண்ணெயில் என்னவோ இருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன். பொட்டலத்தோடு பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டு தோல் டாக்டரிடம் போனேன்.

அந்தம்மா பாட்டிலை மோந்து பார்த்தார். “நல்ல எண்ணெய்மா. இந்த வெள்ளைப் பொட்டு வேர் இல்ல. முடிக்கு அடியில இருக்குற செல்லுங்களுக்கு, நேரம் வந்தா தானே செத்துப்போற ஏற்பாடு உள்ளேயே இருக்குது. காய்ச்சல்ல நிறைய முடிக்கு அந்த நேரம் ஒண்ணா வந்துடுச்சு. கொஞ்சம் மேல ஸ்டெம் செல்லுங்க பத்திரமா இருக்குது. புது முடி அங்கேர்ந்துதான் கிளம்பும்.”

“யாரும் ஒண்ணும் பண்ணாம தானா சாவுமா?”

“சாவணும்மா. ஸ்டெம் செல் எப்போ பெருகணும், எப்போ நிறுத்தணும்னு சாவுற செல்லும் சேதி சொல்லுது. அது சாவாம நின்னுட்டா அந்த ஒழுங்கே கெட்டுடும்.”

மேலே பத்திரமாக இருக்கிற செல் என்றதும் பழைய பாவின் வால் ஞாபகம் வந்தது. அது தறியில் இருக்கும் வரை புதுப் பாவு ஏறும். அவ்வளவு புரிந்தும் மனசு ஆறவில்லை. தானாகச் சாகிறது என்பது தப்பு செய்தவர்களுக்கு எவ்வளவு வசதியான பதில்!

அடுத்த பாவு பிணைக்கும்போது ஓரகத்தி தலையில் துண்டு கட்டியிருந்தாள். குனிந்ததில் அது நழுவியது. வகிடு என் விரல் அகலத்துக்குத் தெரிந்தது.

“இன்னாக்கா இது?”

அவள் எழுந்து உள்ளே போய் ஒரு கேரிபேக்கைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அது நிறைய முடி.

“நீ அரைச்சுக் குடுத்த சீயக்காய் போட்டதுலேர்ந்து கொட்டுது. யார்கிட்டயாவது காட்டலாம்னு சேத்து வச்சிக்கினு இருக்கறேன்.”

ஆஸ்பத்திரியில் இருவரும் அடுத்தடுத்த கட்டிலில் டெங்குவோடு கிடந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. டாக்டர் சொன்னதையெல்லாம் மளமளவென்று சொன்னேன். செல் சாவது, மேலே இருப்பது பிழைப்பது, முடி திரும்ப வருவது. “எண்ணெயும் நல்ல எண்ணெய்தான்னு மோந்து பாத்தே சொன்னாங்கக்கா” என்றேன்.

அவள் கை நின்றது.

“என் எண்ணெயை எதுக்குமா டாக்டர்கிட்ட எடுத்துக்கினு போனே?”

நான் சாம்பலைத் தொட்டு என் பக்கத்து இழையை முறுக்கினேன். நடுவுக்கு இன்னும் ஒரு சாண் பாக்கி இருந்தது. அவள் அடுத்த இழையை எடுத்தாள்.