அப்பாவுக்காக இடித்துக் கட்டியது

எங்கள் வீடு அப்பாவின் தாத்தா கட்டியது. நாமக்கல் பக்கத்து மண் சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு, நாட்டு ஓடு, மூன்றே அறை. சர்க்கரை நோயில் கண் போன பிறகும் அந்த வீட்டுக்குள் அப்பா யார் கையையும் பிடித்ததில்லை. சுவரின் மேடு பள்ளத்தைத் தடவிக்கொண்டே போவார், வாசற்படி காலில் தட்டும் இடத்தில் திரும்புவார், கொல்லையில் இருந்த கழிப்பறைக்குத் தானே போய் வருவார். யாராவது கை கொடுத்தால், "நானென்ன கைப்புள்ளையா?" என்று சீறுவார்.

ஒரு மழையில் பக்கச் சுவர் பிதுங்கி நின்றதால் வீட்டைப் புதுப்பிக்கத் தொடங்கினோம். பழமை கெடக்கூடாது என்று நான்தான் பெரிய இவனாட்டம் பேசினேன். கதவு, விட்டம், ஓடு எல்லாம் அப்படியே இருக்கட்டும். பின்னால் ஒரு ஹால் மட்டும் சேர்ப்போம், அப்பா மழையில் நனையாமல் இருக்க உள்ளேயே கழிப்பறையும் கட்டுவோம் என்றேன்.

"வாசப்படிய எடுத்துட்டாப் பெரியவருக்குக் கால்ல தட்டாதுங்க" என்றார் மேஸ்திரி. நல்ல யோசனை என்று தலையாட்டினேன். சுவரெல்லாம் பட்டி பார்த்து வழவழவென்று ஆக்கினோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எனக்குக் கண் இருக்கிறதே. அப்பாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வேலை முடியும்வரை அக்கா வீட்டில் இருந்துவிட்டு, பால் காய்ச்சிக் குடி வந்தோம். அப்பா நாலு எட்டு வைத்து நின்றுவிட்டார். தடவிய இடமெல்லாம் ஒன்றுபோல இருந்தது. "சாமி..." என்று என்னைக் கூப்பிட்டார். அவர் அப்படிக் கெஞ்சுகிற குரலில் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

மறுநாளே லாரியில் தார்ப்பாய் கட்டுகிற கயிறு வாங்கி வந்தேன். அவர் கட்டிலிலிருந்து ஹால் வழியாகக் கழிப்பறைவரை, சுவரோரமாக இடுப்பு உயரத்தில் கட்டினேன். அப்பா அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை போய் வந்தார். அன்று இரவு ரசத்தில் உப்பில்லை என்று அம்மாவைத் திட்டினார். எனக்கு உயிர் வந்தது.

பத்து நாள் கழித்து உறவுக்காரர்களுக்கு விருந்து வைத்தோம். காலையில் கயிற்றை அவிழ்த்தேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான். புதுச் சுவரில் அது மாட்டுக் கொட்டகைபோல இருந்தது. ஒரு நாள்தானே, நாம் இருக்கிறோமே என்று நினைத்தேன். அப்பாவிடம் சொல்ல மறந்துவிட்டேன் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். அது பொய். சத்தம் போடுவார் என்று பயந்து சொல்லவில்லை.

வந்தவர்களுக்கு விட்டத்தின் மரத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் பேச்சு அடங்கியது. ஹாலின் நடுவில் அப்பா இரண்டு கையாலும் காற்றைத் துழாவிக்கொண்டு நின்றார். புது வேட்டி நனைந்து காலோடு ஒட்டியிருந்தது.

"ஏனுங் மாமா, ஒரு சத்தங் குடுத்திருந்தா வந்திருப்பமல்லங்க" என்றார் யாரோ. 

எல்லோரும் போனதும் கயிற்றை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போனேன். அது தரையில் உரசியது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். முகத்தைத் திருப்பினார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தேவலை.

"வேண்டாஞ்சாமி, உடு. ஆராச்சும் வந்தா மறுக்கா அவுக்கோணுமல்ல" என்றார்.