டொறத்தியின் சங்கிலிச் சதம்

மன்னாரிலிருந்து அகதியாக வந்த டொறத்தி, ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் அமெரிக்கப் படையினரின் குடியிருப்பில் துப்புரவு வேலை செய்தார். 1992இல் நாடு திரும்பிய ஒரு படைவீரரின் மனைவி, சாமான் கட்டும்போது ஒரு பிஸ்கட் தகரப் பெட்டியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே நூற்றைம்பது முதல் இருநூறு வருடம்வரை பழமையான, அகலமான பதினொரு அமெரிக்கச் செப்புச் சதங்கள், அதாவது சென்ட் காசுகள்.

எல்லாவற்றிலும் ஒரு பெண்ணின் தலை. ஒன்றில் கூந்தல் காற்றில் பறந்தது. அடுத்ததில் கம்பு ஒன்றின் நுனியில் தொப்பி. பிறகு தோளில் துணி, பிறகு பின்னல். சில வருடங்களுக்கொருமுறை அந்தப் பெண்ணை ஏன் மாற்றினார்கள் என்று டொறத்திக்கு அறிய வேண்டியிருந்தது. நூலகத்தில் ஜெர்மன் நாணயப் புத்தகம் எடுத்து, அகராதியோடு உட்கார்ந்தார். பழம்பொருள் சந்தைகளில் தேடி மேலும் ஏழு சேர்த்தார்.

அங்கேதான் சுந்தரராஜன் பழக்கமானான். மதுரைக்காரன், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. நாணயம் சேர்ப்பதில் பல வருட அனுபவம். ஞாயிறுதோறும் வந்து சாப்பிட்டுவிட்டு, பூதக்கண்ணாடியோடு உட்காருவான். வீட்டில் ஒருவனாகவே ஆகிவிட்டான்.

தகரத்திலிருந்த 1793ஆம் வருடச் சதத்தில் பெண் ஒருபுறம், மறுபுறம் வட்டமான சங்கிலி. அதை அவன் நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது டூப்ளிகேட், அக்கா. அமெரிக்கான்னு பேர்கூட முழுசா இல்ல. 'அமெரி'னு நிக்குது. எந்த கவர்ன்மென்ட்டாவது இப்படி அடிப்பாங்களா?"

டொறத்திக்குத் துக்கமாக இருந்தது. ஆனாலும், "உங்களுக்கு வேணுமெண்டா வைச்சிருங்கோ, தம்பி" என்றார். அவன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

1995இல் நாணயச் சங்கத்தின் கண்காட்சிக்குப் போன டொறத்தி, ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன் நின்றுவிட்டார். சங்கிலியின் இரண்டு வளையங்களுக்குக் குறுக்கே ஓடிய கீறலை அவருக்கு நன்றாகத் தெரியும். அட்டையில் சுந்தரராஜனின் பெயர். கீழே ஜெர்மனில்: இடம் போதாதென்று நாட்டின் பெயரைச் சுருக்கி அடித்த முதல் சதம், விரைவிலேயே எழுத்தைத் திருத்திவிட்டதால் மிக அரியது.

அவன் பக்கத்தில்தான் நின்றான்.

"நீங்கதானே குடுத்தீங்க, அக்கா."

"பொய் எண்டு சொல்லித்தானே வாங்கினீங்கள்?"

டொறத்தி சங்கத் தலைவரிடம் போய், தனக்குத் தெரிந்த ஜெர்மனில் நடந்ததைச் சொன்னார். கையெழுத்திட்ட தாள் ஏதும் உண்டா என்று அவர் கேட்டார். இல்லை.

வீட்டுக்கு வந்து கணவர் முருகேசுவிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"காசு போனது போகட்டும்" என்றார் முருகேசு.

"காசுக்காக இல்லையப்பா. அதைக் கொண்டுபோன பிறகும் ரெண்டு வருசம் ஞாயிறுக்கு ஞாயிறு வந்தவன். என்ரை கையாலை சோறு வாங்கிச் சாப்பிட்டவன். ஒருநாள்கூட அவன்ரை முகம் மாறேல்லை."

அடுத்த ஞாயிறு அவன் அழைப்புமணியை மூன்று முறை அடித்தான். டொறத்தி கதவின் உட்புறம் நின்றபடியே, அவன் படியிறங்கும் சத்தம் ஓயும்வரை காத்திருந்தார்.

அடுத்த மாதம் அதே நாணயச் சங்கத்தில் உறுப்பினராகத் தன் பெயரைப் பதிந்துகொண்டார்.