கண்ணில்லா மீனின் குஞ்சுகள்

குஞ்சுகளுக்குக் கண் இருந்தது. அதனால்தான் காசியின் வேலைக்கு ஆபத்து வந்தது.

பிள்ளைகளே, எழுபதுகளில் நான் எர்ணாவூரில் ஒரு வண்ணமீன் பண்ணையில் வேலை பார்த்தேன். கீற்றுக்கொட்டகைக்குக் கீழே வரிசையாகச் சிமென்ட் தொட்டிகள். முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், அண்ணாச்சி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். காசி என் கூட்டாளி, வியாசர்பாடிக்காரன். முட்டை எடுப்பதும் குஞ்சு காப்பாற்றுவதும் அவன் பொறுப்பு. பெரிய மீன்களுக்குத் தீனியும் தண்ணீர் மாற்றுவதும் என் பொறுப்பு.

கப்பலில் வந்த ஜோடி

ராயபுரத்துக் கப்பல் சமையற்காரர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து ஒரு ஜோடி மீன் கொண்டுவந்து அண்ணாச்சிக்கு விற்றார். விரல் நீளம்தான். உரித்த இறால் போல வெளுத்த நிறம். கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல். மெக்சிகோ நாட்டில் பூமிக்கடியில் குகைகள் உண்டாம், அங்கே வெளிச்சமே படாத தண்ணீரில் வாழும் மீனாம்.

தொட்டியில் விட்டதும் இரண்டும் சுவரை ஒட்டியே சுற்றிச் சுற்றி வந்தன. அதற்குப் பிறகு கல்லிலோ செடியிலோ ஒருமுறைகூட முட்டவில்லை. உடம்பின் பக்கவாட்டில் ஓடும் கோட்டால் தண்ணீரின் அசைவை உணர்கின்றன என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

பெண் மீன் முட்டை போட்டது. தாய் மீனே முட்டையைத் தின்றுவிடும் என்பதால் காசி பெரிய மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றினான். அங்கே வெள்ளைப்புள்ளி நோய் வந்து இரண்டும் செத்துப்போயின. மிச்சம் அந்த முட்டைகளில் பொரித்த குஞ்சுகள்தான். முட்டை மஞ்சள்கருவைத் துணியில் கட்டிக் கரைத்துவிட்டு வளர்த்தோம். கொஞ்சம் வளர்ந்ததும் அண்ணாச்சி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"ஏல காசி, இங்க வால. இது என்னது?"

"குஞ்சு அண்ணாச்சி."

"கண்ணு இருக்கேல! தாய்க்கும் இல்ல, தகப்பனுக்கும் இல்ல. பிள்ளைக்கு மட்டும் எங்கருந்து வந்துச்சு?"

"என்னாண்ட கேட்டா? நானா மை வச்சு வுட்டேன்?"

"வாயப் பாரு! பக்கத்துத் தொட்டி முட்டைய ஈர வலையோட இங்க கொண்டாந்து சேத்திருக்க. நல்ல முட்டை எல்லாம் போச்சு. இதச் சாக்கடையில ஊத்திட்டுக் கிளம்பு. நாளைக்கு வராத."

காசி முகம் செத்துப்போனது. அவன் வலையை உப்புத்தண்ணீரில் அலசாமல் ஒரு தொட்டியிலும் இறக்க மாட்டான். அது எனக்குத் தெரியும்.

"அண்ணாச்சி, தொட்டி வெளிச்சத்துல கீது, அதான் கண்ணு வந்துச்சோ இன்னாவோ," என்றேன். "இருட்டுல வச்சுப் பாப்போம். ஊத்திட்டா திரும்பி வராது."

அவர் யோசித்தார். "சரி. சாக்கப் போட்டு மூடு. கண்ணு போச்சுன்னா அவன் இருக்கட்டும். போகலைன்னா ரெண்டு பேரும் போங்கல."

சாக்குக்குக் கீழே

கோணிச் சாக்கை மடித்துத் தொட்டி மேல் போட்டோம். தீனி போட மட்டும் ஓரத்தைத் தூக்குவோம். வளர்த்தி இல்லாத நாலைந்து குஞ்சுகளைக் காசி முன்பே பிரித்து ஒரு ஊறுகாய் பாட்டிலில் விட்டிருந்தான். அது கொட்டகை வாசலில், நல்ல வெளிச்சத்தில் இருந்தது. கணக்கில் சேராத குஞ்சுகள் என்று அதை யாரும் மூடவில்லை.

"மாமு," என்றான் காசி, "ஊரே கண்ணு நல்லாகணும்னு மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்துது. நாம கண்ணு போவணும்னு வேண்டிக்கினு கீறோம். மாதா நம்மள இன்னான்னு நெனைக்கும்?"

சில வாரம் போனது. அண்ணாச்சி வந்து சாக்கை விலக்கினார். குஞ்சுகளின் கண் உள்ளே அமுங்கி, மேலே மெல்லிய தோல் படர்ந்திருந்தது. சிலவற்றில் கறுப்பு நிழலாக மட்டும் தெரிந்தது.

"பாத்தியா, சாக்குதாம்ல வேலை செஞ்சிருக்கு!" என்று துள்ளினார்.

"அண்ணாச்சி, இத்தப் பாருங்க," என்று வாசலிலிருந்து காசி கத்தினான்.

பாட்டில் அவன் கையில். வெயில் அதற்குள் ஊடுருவி மின்னியது. அந்தக் குஞ்சுகளுக்கும் கண் மேல் தோல் மூடிக்கொண்டு வந்தது.

சாக்கின் இருட்டையே அறியாத குஞ்சுகள் அவை. குகையை அவை பார்த்ததில்லை. பிறந்தது எர்ணாவூர் வெளிச்சத்தில். கண்ணோடு பிறந்து, அந்தக் கண்ணைத் தாமே உள்ளே இழுத்துக்கொண்டிருந்தன.

அண்ணாச்சி பாட்டிலை வாங்கித் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "இதுகளுக்கு யாருல சொன்னா?" என்று மெதுவாகக் கேட்டார். எங்களைக் கேட்ட மாதிரி இல்லை.

பிறகு சாக்கை அவரே உருவி எடுத்து ஓரமாகப் போட்டார். "காசி, தீனி போடுல. நாளைக்கும் வா," என்றார். காசி கண்ணைத் துடைத்துக்கொண்டு மஞ்சள்கருத் துணியைத் தேடினான்.

பிள்ளைகளே, வளர்ந்து முடியாத ஒன்றைப் பார்த்து இது இன்னதுதான் என்று முடிவு கட்டாதீர்கள். சாக்கடைக்குப் போக இருந்தவைதான் அந்தக் கண்ணில்லா மீனின் உண்மையான குஞ்சுகள். யார் சொன்னது என்ற அந்தக் கேள்விக்கு எனக்கு இன்றும் பதில் தெரியாது. நீங்கள் படித்துக் கண்டுபிடித்தால் எனக்கும் வந்து சொல்லுங்கள்.