தேத்தண்ணி குடிக்காத மூப்பர்கள்

எனக்கு எழுபத்திரண்டு வயது நடக்கிறது. பெற்றது ஐந்து. அக்காள் விட்டுப்போன இரண்டையும் சேர்த்து வளர்த்து ஆளாக்கியது ஏழு. ஏழு பேரும் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன், ஒரு பக்கம் எழுத ஒரு பொழுது போய்விடும். அந்த எழுத்தையும் யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று பேரப்பிள்ளைகள் கேட்டால், "தமிழ் தெரியாத ரெண்டு வெள்ளக்காரப் பையங்க" என்பேன். கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நடந்ததை எழுதி வைத்துவிடுகிறேன்.

அப்போது நாங்கள் இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். தோட்டத்துச் சனங்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த காலம். மேட்டில் ஒரு லயம், பள்ளத்தில் ஒரு லயம். லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பரா அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். எங்களுடையது பள்ளத்து லயம். இரண்டுக்கும் நடுவே பாதை. பாதையோரம் பீலி, மலைத் தண்ணீர் குழாய் வழியாக வந்து அங்கேதான் விழும். மேட்டு லயத்தார் பிடித்து முடித்த பிறகு நாங்கள் பிடிப்போம். மேட்டில் இருக்கிறவர்களுக்குத் தண்ணீர் முதலில் வருவது இயற்கைதானே என்று நினைத்திருந்தேன்.

மேட்டு லயத்துக் கங்காணி எங்கள் வாசலுக்கு வருவார். வேலை விசயம் பேசுவார், சிரிப்பார். அம்மா தேத்தண்ணி ஊற்றட்டுமா என்றால், "இப்பத்தான் குடிச்சிட்டு வாரேன் தாயி" என்பார். கணக்கப்பிள்ளைக்கு எந்நாளும் வயிறு சரியிருக்காது. இன்னொருவருக்கு எந்தக் கிழமையும் விரதக் கிழமை. இவர்கள் எல்லாரும் எங்கள் வீட்டு வாசலுக்கு வரும்போது மட்டும் எப்படி வயிறு நிறைந்து போகிறார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

அந்த இரண்டு பையன்களும் ஒரு மழைக்காலத்தில் வந்தார்கள். அமெரிக்காவிலிருந்து வேதம் சொல்ல வந்தவர்கள். பத்தொன்பது, இருபது வயது இருக்கும். மீசை கூட ஒழுங்காக முளைக்கவில்லை. ஒருவர் நெட்டை, மற்றவர் கண்ணாடி. கடைவீதியில் நானா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம்காரரின் கடைக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். ஒருவரையொருவர் 'மூப்பர்' என்று பொருள் வரும் இங்கிலீசுச் சொல்லால்தான் கூப்பிட்டுக்கொள்வார்களாம், நானா சொன்னார். அதைக் கேட்டு லயமே சிரித்தது. அன்றிலிருந்து எங்களுக்கு அவர்கள் நெட்டை மூப்பர், கண்ணாடி மூப்பர்.

அவர்கள் பிழைப்பு விசித்திரமாக இருக்கும். வெள்ளைச் சட்டை, கழுத்தில் கறுப்புப் பட்டி, தோளில் பை. சேறும் அட்டையுமான பாதையில் அந்த வெள்ளைச் சட்டையோடுதான் ஏறுவார்கள். சாயங்காலம் கடைக் கிணற்றடியில் அதே சட்டையைத் தாங்களே கும்மித் துவைப்பார்கள். வெள்ளைக்காரன் சட்டை துவைப்பதைப் பார்க்கவென்றே சனங்கள் கடைக்குப் போனார்கள். ஒருவர் இல்லாமல் மற்றவர் ஓர் அடி நகரமாட்டார். ஒருவர் காட்டுப் பக்கம் ஒதுங்கினால் மற்றவர் பாதையில் குடையோடு நிற்பார். "கல்யாணமாகி இத்தன வருசத்துல என் புருசன் இப்பிடி எனக்காக நின்னதில்லையே" என்பாள் பக்கத்துக் காம்பராச் சின்னம்மா.

தமிழை அவர்கள் புத்தகத்தில் படித்திருந்தார்கள். "தாங்கள் நலமாக இருக்கிறீர்களா?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். அப்படிப் பேசி நாங்கள் கூத்தில் ராசா வேசம் கட்டுகிறவரைத்தான் பார்த்திருக்கிறோம். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். அவர்களுக்குக் கோபம் வராது, சேர்ந்து சிரிப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் எங்கள் காம்பராவின் இஸ்தோப்பில், அதாவது முன்வாசல் கூரைக்குக் கீழே, மழைக்கு ஒதுங்கி உட்காருவார்கள். கண்ணாடி மூப்பரிடம் படம் போட்ட அரிச்சுவடி ஒன்று இருந்தது. அதில் விரல் வைத்து வாசிப்பார். அம்மா கொழுந்து பறிக்கப் போனால் தம்பியைப் பார்த்துக்கொண்டு சோறாக்குகிறவள் நான், என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. ஆனால் அவர் 'ஆடு' என்பதை 'ஆட்டு' என்று வாசித்தபோது பொறுக்கவில்லை. "அது ஆட்டு இல்லங்க, ஆடு" என்றேன். "ஆ-டு" என்று அவர் எழுத்தைத் தொட்டுத் திருப்பிச் சொன்னார். அப்போதுதான் 'ஆ'வின் அந்தச் சுழியை நான் முதன்முதலாகக் கவனித்தேன். எழுத்து அவருக்குத் தெரியும், சொல் எனக்குத் தெரியும். இருவரும் பாதிப் பாதி. அப்படியே ஈரமண்ணில் குச்சியால் எழுதி உயிரெழுத்து முழுவதும், என் பேருக்கு வேண்டிய எழுத்தும் படித்துவிட்டேன். என் பேரை நானே எழுதிய அன்று, மழை அதை அழித்துவிடாமல் மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்தேன்.

அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் மரக்கறித் தோட்டத்தில் இருப்பார். ஒரு வாரம் மழை வலுத்து வீட்டிலேயே இருந்தார். என் எழுத்தைப் பார்த்தார். உள்ளே போய் அம்மாவிடம், "அந்த வெங்கல லோட்டாவ எடு. பால் டின்ன ஒடை" என்றார்.

"தீவாளிக்கு வச்சிருக்கறதுங்க."

"இன்னிக்கித்தான் தீவாளின்னு நெனச்சுக்க. புள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்தவங்க."

அது அம்மாவுக்குக் கல்யாணத்தில் வந்த சோடி லோட்டா. பெட்டியை விட்டு வெளியே வந்ததே இல்லை. புளி போட்டுத் துலக்கி, பால் ஊற்றிச் சீனி போட்ட தேத்தண்ணி ஆவி பறக்க வந்தது. அப்பாவே இரண்டு கையாலும் நீட்டினார்.

மூப்பர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நெட்டை மூப்பர் முகம் சிவந்துபோய், "மன்னிக்க வேண்டும் ஐயா. நாங்கள் தேநீர் அருந்துவதில்லை. எங்கள் தேவன் வேண்டாம் என்றார்" என்றார்.

அப்பா நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. "தோட்டத்துல மாதா கோயிலுக்குப் போற வேதக்காரங்க எல்லாம் தேத்தண்ணி குடிக்கிறாங்களே தம்பி. ஒங்க சாமிக்கி மட்டும் ஆகாதா?"

அதற்கு மேல் தமிழ் அவர்களிடம் இல்லை. தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்பா எழுந்து, லோட்டாவிலிருந்ததை முற்றத்து மழையில் ஊற்றினார். "ஒருத்தன் வயித்து வலிங்கறான், ஒருத்தன் விரதங்கறான். நீங்க சாமிங்கறீங்க. போயிட்டு வாங்க தம்பி. இனிமே இந்த வாசலுக்கு வர வேணாம்." என் பக்கம் திரும்பி, "எழுத்துப் படிச்சுக் கிழிச்சது போதும். உள்ள போ" என்றார்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? தீபாவளிப் பால் வீணாய்ப் போன கோபம் என்று நினைத்தேன். பிடிக்காவிட்டாலும் ஒரு வாய் குடித்துத் தொலைத்தால் என்ன என்று மூப்பர்கள் மேலும் எனக்கு ஆத்திரம். அவர்களால் என் எழுத்து போயிற்று.

அதற்குப் பிறகும் அவர்கள் தோட்டத்துக்கு வந்தார்கள். எங்கள் வாசலைக் கடக்கும்போது வேகமாக நடப்பார்கள். கண்ணாடி மூப்பர் மட்டும் என்னைப் பார்த்து, காற்றில் விரலால் 'ஆ' போட்டுக் காட்டிவிட்டுப் போவார். நான் அடுப்புச் சாம்பலில் எழுதிப் பார்ப்பேன். சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் ஒவ்வொன்றாக மறந்தது. என் பேரின் கடைசி எழுத்து கூட ஒருநாள் வர மறுத்தது. அன்று சோற்றைக் கரியவிட்டு அம்மாவிடம் அடி வாங்கினேன்.

இதற்கிடையில் கங்காணிக்கு வேறு கவலை. "தேத்தண்ணி ஆகாதுன்னு ஒரு சாமியாம்! இவனுங்க பேச்சக் கேட்டு ஒலகமே குடிக்காம விட்டுச்சுன்னா தோட்டத்த மூடிப்புடுவானே, நாம மண்ணையா திங்கிறது?" என்று பீலிக்கரையில் சத்தம் போட்டார். அதோடு விடாமல் தோட்டத்தை நடத்தும் தொரையின் பங்களாவுக்குப் போய்ச் சொல்லிவிட்டார். தொரை, இரண்டு பேரையும் பங்களாவுக்கு வரச் சொன்னார்.

அம்மாவின் தம்பி பங்களாவில் சமையல் வேலை செய்தார். அந்த வாரம் மாமா வீட்டுக்கு வந்தபோது, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சிரிப்பு.

"மச்சான், கேட்டீங்களா கதைய? தொரைசாணி பூப்போட்ட கோப்பையில தன் கையால தேத்தண்ணி ஊத்தி நீட்டுறாங்க. ரெண்டு பயலும் வேணாங்கறாங்க!"

அப்பா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். கை நின்றது. "யாரு குடுத்து வேணாண்டாங்க?"

"தொரைசாணி. பக்கத்துல தொரை ஒக்காந்திருக்காரு."

"தொரை வீட்டுலயுமா?"

"ஆமாங்கறேன். தொரைசாணிக்கு மூஞ்சி இஞ்சி தின்ன மாதிரி ஆயிருச்சு. தொரை, 'இது நம்ம தோட்டத்துல மொதத்தரமான தேயில'ங்கறாரு. அப்பவும் வேணாமாம். கடைசியில சுடுதண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சானுங்க. தொரை சிரிச்சிட்டு, நீங்க என்னவோ செய்யுங்க, என் ஆளுங்ககிட்ட தேயிலய ஆகாதுன்னு சொல்லாதீங்கன்னு அனுப்பிட்டாரு."

"தொரை குடுத்தும் குடிக்கல" என்று அப்பா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். தொரைசாணி முகம் சுருங்கியதில் அப்பாவுக்கு அத்தனை சந்தோசமா என்று நான் விழித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, மழையில் பாதையோரம் போய் நின்றார். மூப்பர்கள் அவரைக் கண்டதும் மறுபக்கம் ஒதுங்கப் பார்த்தார்கள். அப்பா போய் நெட்டை மூப்பரின் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க தம்பி. தேத்தண்ணி தரமாட்டேன்."

அம்மா கொத்தமல்லியை வறுத்து, இஞ்சி தட்டிப் போட்டு, தண்ணீரைப் பாதியாக வற்றவிட்டு இறக்கி வைத்திருந்தாள். நான் அடுப்போரம் சாக்கு விரித்து வைத்தேன். வெளியே தூவானம், இஸ்தோப்பின் விளிம்பெல்லாம் நனைந்திருந்தது. அப்பா பாதையைப் பார்த்த அந்த நனைந்த விளிம்பிலேயே பலகையைப் போட்டு அவர்களை உட்காரவைத்தார்.

"அப்பா, உள்ள காயுது. அங்க நனையுறாங்களே."

"சும்மா இரு புள்ள. அங்கதான் ஒக்காரணும்."

வெண்கல லோட்டா வந்தது. கண்ணாடி மூப்பர் முகர்ந்து பார்த்தார். ஆவியில் அவர் கண்ணாடி மறைந்து போயிற்று. "இது எங்கள் தேவனுக்கு ஆகும்" என்று சொல்லிக் குடித்தார். அப்பா அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். நெட்டை மூப்பர் ஒரே மூச்சில் குடித்து முடித்து, "இன்னும் சிறிது அருந்தலாமா?" என்றார். நாங்கள் எல்லாம் கொல்லென்று சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை. அடுப்படிப் பக்கமே வராதவர், தானே எழுந்து போய் ஊற்றி வந்தார்.

பீலிக்குக் குடத்தோடு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். கங்காணி குடை பிடித்துக்கொண்டு பாதையில் போனார். அப்பா அவரைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

"என்ன கங்காணி, மழையில போறீங்க. கொத்தமல்லித் தண்ணி ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்களேன்."

"இல்லப்பா. இப்பத்தான் குடிச்சிட்டு வாரேன்."

"அதுக்கென்ன. தொரை வீட்டுல தொடாதவங்களே இங்க ரெண்டாந்தரம் வாங்கிக் குடிக்கிறாங்க."

கங்காணி நிற்கவில்லை. மறுநாள் காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்கப் பேர் கூப்பிடும்போது அப்பாவுக்கு ஆகச் செங்குத்தான மலை விழுந்தது. அப்பா கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு பாட்டுப் பாடியபடி ஏறினார். கடினமான மலைக்குப் போகிறவர் ஏன் பாடுகிறார் என்று அதுவும் எனக்கு விளங்கவில்லை.

எழுத்து மறுபடி நடந்தது. உயிர்மெய் வரிசைகள் முடிகிற நேரத்தில் மூப்பர்களை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அவர்களை ஓர் இடத்தில் நெடுநாள் வைப்பதில்லையாம். எங்கள் லயத்தில் ஒருவரும் அவர்கள் வேதத்தில் சேரவில்லை. அப்பா சாகும் வரை மாரியம்மனுக்குத்தான் கும்பிடு போட்டார். ஆனால் எங்கள் வீட்டில் கொத்தமல்லித் தண்ணிக்கு மட்டும் 'மூப்பர் தண்ணி' என்று பேர் நின்றுவிட்டது. மிச்ச எழுத்தை என் பிள்ளைகளின் புத்தகத்தில் பார்த்துப் படித்துக்கொண்டேன்.

கல்யாணமாகி நான் வேறு தோட்டத்துக்குப் போய், என் வாசலிலும் ஒருவர் "இப்பத்தான் குடிச்சிட்டு வாரேன்" என்று சொன்ன அன்றைக்குத்தான், அப்பா ஏன் அவர்களை அந்த நனைந்த பலகையில் உட்காரவைத்தார் என்பது எனக்குத் தெரிந்தது. தெரிந்துவிட்டது என்று சொல்ல அப்போது அப்பா இல்லை.

இவ்வளவுதான். கை வலிக்கிறது. இந்தா பேத்திக் குட்டி, எழுத்துப் பிழை இருந்தால் திருத்தாமல், எழுதியது எழுதியபடி எனக்கு வாசித்துக் காட்டு. இங்கே உள்ளே வேண்டாம். தூறினால் தூறட்டும், பலகையை எடுத்து வாசலில் போட்டு உட்கார்ந்து, சத்தமாக வாசி.