மல்லாந்த வாத்துகள்

சூன்தொக்கைப் போல் இன்னொருத்தியை எங்கள் குன்சான் துறைமுகத்தில் காட்டுங்கள் பார்ப்போம். மீன் அறுத்துக் காயப்போடும் பெண்களில் அவள் கைதான் வேகம். வாயும் அப்படியே. பக்கத்து வீட்டுக்காரி என்பதால் தூக்கிப் பேசவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

அவள் புருஷன் பெயர் கில்தே. நகரப் பேருந்து ஓட்டியவர். சுவரில் நாட்காட்டி ஒரு விரல் சாய்ந்தாலும் அவருக்குப் பொறுக்காது. விருந்தாளிகள் வாசலில் கழற்றிய செருப்பையெல்லாம் நேராகத் திருப்பி வைத்துவிட்டுத்தான் உட்காருவார். அப்பேர்ப்பட்டவர் ஒரு பனிக்காலத்தில் பக்கவாதம் வந்து விழுந்தார், பேச்சும் போயிற்று. பேச்சு திரும்பும், அவர்தான் முயல வேண்டும் என்றார் டாக்டர். அவர் முயலவில்லை. குளிருக்காக அடியில் சூடேற்றிய தரையில் விரித்த மெத்தையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கஞ்சி நீட்டினால் இரண்டு வாய். அப்புறம் பல்லைக் கடித்துக்கொள்வார். ஆள் கரைந்துகொண்டே போனார்.

ஒரு நாள் சூன்தொக் அவர் முதுகுக்குப் பின்னால் படுத்து, அவர் பார்ப்பதை எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, அந்தச் சுவத்துல ஒண்ணுமே இல்ல. ஒரு ஈரக்கறை. அதையே பாத்துக்கிட்டுக் கிடந்தா யாருக்குத்தான் சோறு இறங்கும்?" என்றாள் என்னிடம்.

மறுநாளே தாள் கடைக்குப் போய், சுவரைச் சுற்றிக் கரைபோல ஒட்டும் படத்தாள் வாங்கி வந்தாள். சாண் அகலம், நாணல் மேல் வரிசையாகப் பறக்கும் வாத்துகள். எல்லாரும் அதை இடுப்பு உயரத்தில் ஒட்டுவார்கள். இவள் தரையிலிருந்து ஒரு முழத்தில் கோடு போட்டாள்.

கில்தேயின் அக்கா மால்ஜா உதவிக்கு வந்திருந்தாள். கோட்டைப் பார்த்ததும் கத்தினாள்.

"ஏண்டி, இது என்ன எலிக்கா ஒட்டுற? வர்றவங்க சிரிக்க மாட்டாங்க?"

"நின்னு பாக்குறவங்களுக்கு இல்ல அண்ணி. படுத்துப் பாக்குறவருக்கு."

"சரி, தரைச் சூட்டையாவது அணை. சூட்டுல காஞ்சா தாள் வெடிச்சிரும்."

அது சரிதான். தாள் ஒட்டினால் தரைச் சூட்டை அணைத்து, சன்னலைச் சாத்தி, மெல்லக் காயவிட வேண்டும். ஆனால் நோயாளியைக் குளிரில் போட முடியுமா? சூன்தொக் அணைக்கவில்லை. மெத்தையை அறை நடுவுக்கு இழுத்தோம். நான் மைதாப் பசை கிண்டினேன். அவள் தடவுவதற்குள் அது இறுகத் தொடங்கியது. முட்டி போட்டுத் தவழ்ந்து, வியர்க்க விறுவிறுக்க ஒட்டிக்கொண்டே வந்தாள். கில்தே பார்த்துக் கிடந்த சுவரில் கடைசித் துண்டு. அவசரத்தில் எடுத்தாள், வைத்தாள், துணியால் நீவினாள்.

பின்னால் தொண்டை கனைப்பது கேட்டது.

"த...லை..."

மூவரும் திரும்பினோம். கில்தேயின் முகம் சிவந்திருந்தது.

"தலை... கீழா... இருக்கு."

பார்த்தால், அந்தத் துண்டில் வாத்தெல்லாம் காலை மேலே தூக்கிக்கொண்டு மல்லாந்து பறக்கின்றன! மால்ஜா அழுதபடியே சுவரிடம் ஓடினாள். "என் தம்பி பேசிட்டான்! ஈரம் காயறதுக்குள்ள உரிச்சு மாத்திரலாம், விடு!"

சூன்தொக் அவள் கையைத் தட்டிவிட்டாள். அவள் கண்ணும் நிறைந்திருந்தது. குரலில் மட்டும் அது தெரியவில்லை.

"எதுங்க தலைகீழா இருக்கு? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"கண்ணு... அவிஞ்சு... போச்சா?"

"நீங்க மட்டும் மல்லாந்து கிடக்கலாம், வாத்து கிடக்கக் கூடாதா? பிடிக்கலைன்னா எழுந்து வந்து நீங்களே உரிச்சுப் போடுங்க."

சூட்டில் தாள் அதற்குள் இறுகிவிட்டது.

வேண்டுமென்றே அப்படி ஒட்டினாள் என்று ஊரில் இன்றும் கதை சொல்கிறார்கள். இல்லை. பசைக் கிண்ணத்தைப் பிடித்திருந்தவள் நான். அது பதற்றத்தில் வந்த தப்பு. அதைத் திருத்தாமல் விட்டாளே, அதுதான் அவள் சாமர்த்தியம். இதில் யார் என்ன சொன்னாலும் கேட்க மாட்டேன்.

அன்று மாலை கில்தே இடது கையை ஊன்றி, சுவரை நோக்கி நகரப் பார்த்தார். முடியவில்லை. சூன்தொக் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து வந்தாள்.

"வெறும் வயித்தோட வாத்தைப் பிடிக்க முடியாதுங்க."

அவர் அவளை முறைத்தார். சுவரை முறைத்தார். பிறகு வாயைத் திறந்தார். கிண்ணம் காலியாகும்வரை மூடவில்லை.