எட்டுக் குளிசைகளும் இரண்டு மணி நேரமும்

பல் துலக்கும்போது முரசில் (ஈறில்) இரத்தம் கசிந்தது. உப்புத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, நுரைச்சோலையில் நான் படிப்பிக்கும் பாலர் பாடசாலைக்குப் போய்விட்டேன். மூன்றாம் நாள், பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போதே வாய் நிறைய இரத்தம். முன்னால் இருந்த பிள்ளை அழத் தொடங்கியது.

புத்தளம் ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, அன்று பின்னேரமே அம்புலன்ஸில் கொழும்புக்கு ஏற்றினார்கள். உம்மா என் கையைப் பிடித்து ஓதிக்கொண்டே வந்தார். பாலாவியில் லொறிகளுக்கு நடுவே வண்டி நின்றபோது, மகளுக்கு யார் தலை பின்னிவிடுவார்கள் என்றுதான் நான் யோசித்தேன்.

எனக்கு வந்திருந்தது இரத்தப் புற்றுநோயில் ஒரு வகை. கிருமிகளை எதிர்க்க வேண்டிய வெள்ளை அணுக்கள் முதிராமலே பெருகிவிடும். குருதிச் சிறுதட்டுகள் (இரத்தத்தை உறையவைப்பவை) குறைந்துபோகும். இதே நோயோடு இதை வாசிப்பவருக்கு ஒன்று சொல்கிறேன்: பெயரைக் கேட்டதும் என் கதை முடிந்தது என்றே நினைத்தேன். அது பிழை.

யாழ்ப்பாணத்துப் பெண் வைத்தியர் ஒருவர் கட்டிலோரம் கதிரையைப் போட்டு அமர்ந்தார்.

"இது விற்றமின் ஏயில இருந்து வாற மருந்து. கெட்ட அணுவை நேரே கொல்லாது, முதிரப் பண்ணும். முதிர்ந்தது தன்ர காலம் முடிய தானாச் செத்துப்போகும்."

"விற்றமினா டொக்டர்?"

"ஓம். ஆனா கடையில வாங்குற விற்றமின் இல்லை. ஈரல், மீனெண்ணெயிலயும் விற்றமின் ஏ இருக்கு, கூடினா நஞ்சு. அதொண்டும் வீட்டில இருந்து கொண்டுவரப்படாது."

ஆட்டு ஈரல் சமைத்து அனுப்ப நினைத்திருந்த உம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

காலையில் நான்கு குளிசைகள், மாலையில் நான்கு. அதோடு தினமும் நாளத்தில் ஏறும் இன்னொரு மருந்து.

நாலாம் நாள் என் கணவர் ரிஸ்வான் கட்டார் வேலையை விட்டுவிட்டு வந்தார். கல்யாணம் முடித்த ஒன்பது வருஷத்தில் நாங்கள் சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருஷம் வராது. பெண்கள் வார்டில் பகல் பன்னிரண்டிலிருந்து ஒரு மணி நேரமும் பின்னேரம் ஒரு மணி நேரமும்தான் அவரை விடுவார்கள். போனில் கூரை ஒழுக்கையும் மகளின் காய்ச்சலையும் கதைத்தே பழகிய எங்களுக்கு, முதல் நாள் கதை வரவில்லை. தோடம்பழத்தை உரித்துக்கொண்டே இருந்தார்.

பிறகு வந்தது. லிஃப்டில் ஏறப் பயந்து, கட்டாரில் பதினொரு மாடி நடந்தே ஏறியதைச் சொன்னார். எனக்குத் தெரியாமல் அழுத பெருநாளைச் சொன்னார். குளிசையால் என் உதடு வறண்டு வெடித்தபோது, விரலால் வெசலின் பூசிவிட்டார். எதிர்க் கட்டில் சிங்களப் பெண்மணி சிரித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

பத்தாம் நாள் மூச்சு கனத்தது. பின்னேரம் அவர் வரும் நேரம். சொன்னால் அந்த ஒரு மணி நேரம் போய்விடும் என்று மறைத்தேன். அவர் போன பிறகு காய்ச்சல் ஏறியது, கால்கள் வீங்கின, படுக்க முடியவில்லை. நான் செய்த மிகப் பெரிய முட்டாள்தனம் அது. மூச்சில் சின்ன மாற்றம் தெரிந்தாலும் உடனே தாதியிடம் சொல்லுங்கள்.

"அணுக்கள் முதிருது, அது நல்லம்," என்றார் வைத்தியர். "ஆனா முதிரேக்க அதுகள் அழற்சியைக் கிளப்புது. நுரையீரலுக்குள்ளயும் போகுது."

அழற்சி (உடல் தன்னைக் காக்க எழுப்பும் சூடும் வீக்கமும்) அடங்க ஊசி போட்டார்கள். குளிசையை நிறுத்தினார்கள். மூச்சு சீராகி, நிறுத்திய ஐந்தாம் நாள் பின்னேரம், அதே குளிசைகளைத் தாதி மறுபடி நீட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை.

"எனக்கும் பயம்தான் பர்வீன்," என்றார் ரிஸ்வான். "ஆனா இத குடிக்காட்டி இரிக்கிற பயம் இன்னும் பெரிசு. மூச்சு முட்டினா சொல்லு. நான் போடுற சத்தத்தில ஆஸ்பத்திரியே ஓடிவரும்."

சிரிப்பு வந்துவிட்டது. விழுங்கினேன். மணி அடித்த பிறகும் தாதி அவரைப் போகச் சொல்லவில்லை.

அடுத்த மாதம் எலும்பு மச்சையில் (எலும்புக்குள் இரத்தம் ஊறும் இடம்) நோய் தெரியவில்லை. அதன் பிறகும் பல மாதங்கள் மருந்து நீண்டது. ரிஸ்வான் திரும்பிப் போகவில்லை. பாலாவியில் உப்பு லொறி ஓட்டுகிறார். தினமும் வீட்டுக்கு வருகிறார். நாங்கள் மறுபடி கூரையைப் பற்றித்தான் கதைக்கிறோம். சொன்னால் பாவம் என்பார்கள், சில பகல்களில் அந்த வார்டின் பன்னிரண்டு மணிக்காக ஏங்குகிறேன்.

உடம்பும் பழையபடி இல்லை. சும்மா இருக்கும்போதெல்லாம் மூச்சு உள்ளே போய் வருவதைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். வாழ்க்கையை மூன்று மூன்று மாதமாக, கிளினிக் திகதிகளால் அளந்தேன்.

போன முறை வைத்தியர் கோப்பை மூடிவிட்டு, "இனி வருஷத்துக்கு ஒருக்கா வந்தாக் காணும்," என்றார்.

பஸ்ஸில் ரிஸ்வானிடம் கேட்டேன்: "ஒரு வருஷத்த என்ன செய்யிற?"

"இரி, யோசிப்பம்," என்றவர் நீர்கொழும்பு வருமுன்னே தூங்கிப்போனார். அவர் தலை என் தோளில் விழுந்தது, பாரமாக இருந்தது. நான் வெளியே தென்னைகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். மூச்சைக் கவனிக்க மறந்திருந்தேன் என்பது சிலாபம் தாண்டிய பிறகுதான் தெரிந்தது.