ஏழு வீட்டுச் சோறும் ஒரு பொக்லைனும்

எங்கள் மலையில் இப்போது எந்தத் திருப்பத்தில் மஞ்சளாக எது தெரிந்தாலும் அது பொக்லைனாகத்தான் இருக்கும். கொண்டை ஊசி வளைவை அகலப்படுத்த ஒன்று, பாலத்துக்குக் குழி எடுக்க ஒன்று, நடுவில் ஜல்லி டிப்பர்கள், முக்கி முனகி ஏறும் ரோடு ரோலர் என்று சோளக்காடு ஊர்ப் பக்கம் என் டீக்கடை வாசலில் தினமும் தேரோட்டம். முதலில் வந்த பொக்லைனை, மிளகு விற்க வந்த ஒருவர் டீ ஆறும்வரை நின்று பார்த்தார். "கை நீட்டமா, வாயி பெருசா, எப்பப் பாத்தாலும் அடுத்தவன் காட்டு மேலயே கண்ணு. எங்க மச்சானாட்டமே இருக்குதுங்க" என்றார். நான் பள்ளிக்கூடம் போனது ஐந்தாவது வரைக்கும்தான். மீதிப் பாடமெல்லாம் இப்படி டீ குடிக்க வருகிறவர்கள் நடத்தியது.

இத்தனை மெஷின் வந்தும் எங்கள் ஊருக்குள் ரோடு வரவில்லை. தார்ரோட்டிலிருந்து பிரியும் ஒற்றையடிப் பாதையில் ஏழு வீடுகள், ஒவ்வொன்றும் அதனதன் காட்டுக்குள். ஏழு வீட்டாரும் ஆளுக்கொரு துண்டு நிலம் விடச் சம்மதித்துவிட்டார்கள். மண்ணை வெட்டி வழி எடுக்கத்தான் ஆளில்லை. ரோடு வேலையின் மேஸ்திரி என் கடையில்தான் டீ குடிப்பார். அவரை நான் நச்சரித்த நச்சரிப்பில் ஒரு நாள் இறங்கி வந்தார்.

"ஞாயித்துக்கெழம ஒரு நாள் பொக்லைன் வண்டிய எடுத்துக்கங்க. டீசல் உங்க பொறுப்பு. பொழுது சாய வண்டி கீழ வந்துரணும். திங்கக்கெழம அது செம்மேட்டுக்குப் போகுது."

நான் ஒரே ஓட்டமாகக் கடைசி வீட்டு அக்காவிடம் போனேன். கூடப் பிறந்த அக்கா இல்லை, ஊருக்கே அக்கா. வீட்டுக்காரருக்கு இடுப்பு சரியில்லை, காடு முழுக்க அவள் கைதான். வருசா வருசம் மரவள்ளிக்கிழங்கை மூட்டை கட்டித் தலைச்சுமையாகத் தார்ரோடு வரை இறக்குவாள்.

"அக்கா, ஞாயித்துக்கெழம ரோடு வருது. திங்கக்கெழம காத்தால மினி லாரி உன்ற வாசல்ல நிக்கும். கெழங்கப் புடுங்கிப் போடு."

"உன்ற வாய நம்பியா?"

"எம் மேல பாரத்தப் போடுக்கா."

போட்டாள். சனிக்கிழமையே ஆள் வைத்து அத்தனை கிழங்கையும் பிடுங்கிக் குவித்துவிட்டாள். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாள்தான் தாங்கும். அப்புறம் உள்ளே கறுத்துவிடும், ஜவ்வரிசி ஆலையில் சீண்ட மாட்டார்கள். அவளுடைய ஒரு வருசத்து உழைப்பு என் வாயில் தொங்கியது.

ஞாயிறு காலை வண்டி வந்தது. ஓட்டுநர் முள்ளுக்குறிச்சிக்காரர். முப்பது வயது, ஒல்லி. உடம்பில் கனமாக இருந்தது மீசை மட்டும்தான்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டுக் காட்டில் வெளி ஆள் வந்து மண்ணைக் கிளறினால் அந்த வீட்டில் சாப்பிடாமல் நகரக் கூடாது. நகர்ந்தால் காடு கோபித்துக்கொள்ளும். ஏர் ஓட்டுகிறவருக்கு ஒரு காடு முடிய ஒரு நாள் ஆகும், ஒரு வேளைச் சோறு சரியாகப் போகும். பொக்லைன் ஒரு காட்டை அரை மணியில் தாண்டிவிடும் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை, என்னையும் சேர்த்துத்தான். வீடு ஏழு, வயிறு ஒன்று.

முதல் வீட்டு மாமன் வண்டிக்குக் குறுக்கே நின்றார். "எறங்குங்க சாமி, ஒரு வா தின்னுட்டுப் போலாம்." சாமைச் சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு. காலையில் சாப்பிடாமல் வந்த ஓட்டுநர் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். இரண்டாவது வீட்டில் ராகிக் களி. மூன்றாவது வீட்டில் தேனில் ஊறிய பலாச்சுளை. அவர் கும்பிட்டார். "போதுமுங்க அத்த."

"மொத ஊட்ல மூணு தடவ வாங்கித் தின்னீங்களாமா. எங்க ஊட்டுப் பலாவுல மட்டும் முள்ளா இருக்குது?"

அவர் பலாப்பழத்தின் தோலை ஒரு முறை பார்த்தார். "இருக்குதுங்களே" என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தார்.

நாலாவது வீட்டில் கோழி. கோழி இன்னும் குழம்பில் இல்லை, காட்டில் இருந்தது. நாலு பேர் துரத்தினார்கள், நான் ஐந்தாவது. புது ரோட்டில் முதன்முதலாக ஓடிய பெருமை அந்தக் கோழிக்குத்தான். அது வெந்து முடிவதற்குள் மத்தியானம் போய்விட்டது. ஐந்தாவது வீட்டில் பாயசம். பிறகு ஓட்டுநர் வண்டியில் ஏறக் காலைத் தூக்கினார். கால் வந்தது, வயிறு வரவில்லை. சட்டையில் இரண்டு பொத்தானைக் கழற்றிவிட்டு சில்வர் ஓக் மரத்தடியில் சாய்ந்தார். குறட்டை.

எழுப்பப் போன என்னை ஐந்தாவது வீட்டுக்காரர் தடுத்தார். "நம்ம ஊட்டுச் சோறு தின்னு தூங்கறவர எழுப்பறதா? என்ன மனுசன் நீ?" வாழை இலையால் அவருக்கு விசிற வேறு ஆரம்பித்தார்.

வேறு வழியில்லாமல் மேலே நடந்தேன். அக்கா கிழங்குக் குவியலுக்கு ஈரச் சாக்குப் போட்டுக் காவல் இருந்தாள்.

"ரோடு எங்க?"

"தூங்குதுக்கா."

சொல்லி முடித்ததும் என் வயிற்றைப் பார்த்தாள். "நீ எத்தன ஊட்ல தின்ன?"

"அஞ்சு."

அக்கா உள்ளே போனாள். மிளகைக் கைநிறைய அள்ளித் தட்டி, கொதிக்க வைத்து, செம்பில் ஊற்றிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கினாள். நான் பின்னால் ஓடினேன்.

"எந்திரி கண்ணு. இதக் குடி."

"வேண்டாமுங்க... வயித்துல எடமில்லீங்க..." கண் திறக்கவில்லை.

"சோறில்ல சாமி, கசாயம்."

குடித்தார். கண் திறந்தது, மூக்கு திறந்தது, நெற்றியில் வேர்வை பூத்தது. அப்போதுதான் அக்கா ஊரே கேட்கச் சொன்னாள்: "எங்க ஊட்ல இன்னைக்கு அடுப்புல சோறு ஏறல. உனக்கு ஒரு பருக்க கெடையாது. வந்து ரோட்டப் போடு."

ஊர் திகைத்து நின்றது. எங்கள் பக்கத்தில் விருந்தாளியிடம் இதைவிடக் கேவலமாக ஒரு பேச்சு பேச முடியாது. ஓட்டுநரோ எழுந்து இரண்டு கையாலும் கும்பிட்டார். "அக்கா, காலையில இருந்து இந்த ஒரு வார்த்தைக்குத்தானுங்க காத்திருந்தேன்."

அதன் பிறகு அந்த மெஷின் வேலை செய்ததைப் பார்க்க வேண்டுமே! ஆறாவது வீட்டு வாசலை அக்கா இரண்டு கையையும் விரித்து மறைத்துக்கொண்டாள். "இலையில கட்டி வெய்யி, போறப்பக் குடு!" பொழுது மலை விளிம்பைத் தொட்டபோது வண்டியின் வாய் கிழங்குக் குவியலுக்கு முன்னால் வந்து தாழ்ந்தது.

ஓட்டுநர் இறங்கினார். சோறு போடாமலே அனுப்பிவிடுவாளா என்று எல்லோரும் அக்காவையே பார்த்தோம். அவள் இரண்டு கை நிறையக் கிழங்கை அள்ளி வண்டியின் வாய்க்குள் போட்டாள். "இது உன்ற ஊட்டு அடுப்புல வேகட்டும். காடு ஒண்ணும் கோவிச்சுக்காது."

உடனே ஆறாவது வீட்டுப் பொட்டலமும் அதில் விழுந்தது. போகும் வழியில் மற்றவர்களும் சும்மா இருப்பார்களா? மறுபடி ஒரு பலாப்பழம், ஒரு வாழைத்தார். கல்யாணச் சீர் கொண்டுபோவதுபோல வாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வண்டி மலையை விட்டு இறங்கியது.

திங்கட்கிழமை காலை மினி லாரி வந்தபோது முதல் வீட்டு மாமன் கையில் கரண்டியோடு நின்றிருந்தார். லாரி நிற்கவே இல்லை. விடியும் முன்பே தார்ரோட்டுக்கு நடந்து போய், லாரிக்காரர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருந்தாள் அக்கா.

"நிறுத்தாத கண்ணு, மிதி! இவங்கெல்லாம் சோறு போட்டே கெடுத்துப்புடுவாங்க!"

அவள் வீட்டு வாசலில் நான் காத்திருந்தேன். இறங்கியதும் ஒரு கிழங்கை எடுத்துப் படக்கென்று முறித்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். பால் போல வெள்ளை. எனக்கு மூச்சு வந்தது.

"பாத்துட்டயல்ல? அந்த மூட்டையத் தூக்கு. மொத்தத்தையும் நீதான் ஏத்தற. அஞ்சு ஊட்டுச் சோறு செரிக்க வேண்டாமா?"

முதல் மூட்டைக்குக் குனிந்தேன்.